பாலை மாற்றுவதற்கு முன்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து காலை ரயில்களில் திருவனந்தபுரம் தம்பானூருக்கு வந்து இறங்கும் கூட்டத்தில் கைக்குழந்தைக்காரர்கள் எப்போதும் உண்டு. சிலர் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள், சிலர் பத்மநாபசாமி கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போகிறவர்கள். வழியில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கிவிட்டால், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தேடுவது மருந்துக்கடையைத்தான். "சேட்டா, புள்ளைக்குப் பால் ஒத்துக்கலை, வேற என்ன குடுக்கலாம்?" என்று கேட்டால் போதும். லாக்டோஸ் இல்லாத பால்மாவு டின் ஒன்றும், அட்டைப்பெட்டியில் அடைத்த ஆரஞ்சு பானம் ஒன்றும் கவுண்டருக்கு வந்துவிடலாம். எத்தனை தடவை போனது, ரத்தம் கலந்திருந்ததா, காய்ச்சல் உண்டா என்ற கேள்விகள் வருவது அபூர்வம்.

பழி எப்போதும் பால் மேல்தான் விழும், அதுவும் ஊர் மாறிய பால் மேல். "வீட்ல ஆவின் குடிச்ச புள்ள, இங்க மில்மா சேரலை" என்பார்கள். சமன்படுத்திய பால் என்றால் 3 சதவீதம் கொழுப்பு, 8.5 சதவீதம் கொழுப்பில்லாத திடப்பொருள் என்பது நாடு முழுவதற்குமான ஒரே தரக்கணக்கு. களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் அது மாறிவிடாது. பால் சர்க்கரையான லாக்டோஸும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பிராண்டு மாறியதால் மட்டும் வயிறு கெடுவதில்லை. ரயிலில் சரியாகக் கழுவாமல் திரும்பத் திரும்ப நிரப்பிய பாட்டில், அதன் ரப்பர் காம்பு, எங்கேயோ பிடித்த தண்ணீர் இவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பாட்டிலே தேவையில்லை. சின்ன டம்ளரைக் கழுவுவது சுலபம். பாட்டி காலத்துச் சங்கும் பாலாடையும் கூட அந்த வகையில் பாட்டிலை விட மேல்.

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சொல்வதற்குள் வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது, சில நேரம் கெடுதலும் செய்யும்.

அடிக்கடி வருவது, வயிற்றுப்போக்குக்குப் பின்னால் வரும் தற்காலிக லாக்டோஸ் தகராறு. லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் விரல் போன்ற நீட்சிகளின் நுனியில் சுரக்கிறது. கிருமி தாக்கினால் முதலில் உதிர்வது அந்த நுனிதான். அதற்குப் பிறகு குடிக்கும் பாலின் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்து வாயுவாகும். இதற்கு அடையாளம் உண்டு: மலம் தண்ணீராக, நுரைத்து, புளித்த வாடையோடு, சத்தத்துடன் பீறிட்டு வரும். வயிறு உப்பும். அமிலம் பட்டு ஆசனவாயைச் சுற்றிலும் தோல் சிவந்து எரியும், துடைக்கப் போனாலே பிள்ளை அலறும். குடலின் உட்சுவர் திரும்ப வளர்ந்ததும், பெரும்பாலும் சில வாரங்களுக்குள், இது தானே சரியாகிவிடும். சாதாரண வயிற்றுப்போக்கில் பாலை நிறுத்தவும் வேண்டாம், தண்ணீர் கலந்து நீர்க்க வைக்கவும் வேண்டாம். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. போக்கு 14 நாளைத் தாண்டினால், தாய்ப்பால் அல்லாத பாலில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் கெட்டியான சத்துணவு கொடுக்க வேண்டும், அல்லது பாலுக்குப் பதில் தயிர் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியைப் பாக்டீரியா ஏற்கெனவே தின்றிருக்கும். தயிர்சாதம் இருக்கிற வீட்டில் டின்னுக்கு அவசரமில்லை. ஆனால் 14 நாள் நீண்ட போக்கை வீட்டிலேயே வைத்துப் பார்க்கக் கூடாது, மருத்துவரிடம் போயாக வேண்டும்.

இரண்டாவது, பரம்பரையாக வருவது. 1981இல் வெளியான ஓர் ஆய்வில் டெல்லியில் சோதிக்கப்பட்டவர்களில் 27.4 சதவீதத்தினருக்கும், திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய தென்னக மையங்களில் 66.6 சதவீதத்தினருக்கும் லாக்டோஸ் செரிக்காத நிலை இருந்தது. தெற்கத்தியர் நம்மில் பலருக்குப் பெரியவர்களான பின் இது இருக்கிறது. ஆனால் வயது ஏற ஏற வரும் இந்த லாக்டேஸ் குறைவு பொதுவாக மூன்று நான்கு வயதுக்கு முன் தலைகாட்டுவதில்லை. அப்பாவுக்குப் பால் சேராது என்பதற்காக ஒன்றரை வயது மகளின் பாலைப் பிடுங்குவது அவசரம்.

மூன்றாவது ஒவ்வாமை. பயப்பட வேண்டியது இதற்குத்தான். இதில் எதிரி சர்க்கரை அல்ல, பாலின் புரதம். மலத்தில் ரத்தமோ சளியோ, விடாத வாந்தி, கரப்பான் போலத் தோலில் தடிப்பு, எடை ஏறாமை எல்லாம் இதில் வரலாம். பால் குடித்த சில நிமிடங்களில் உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மருந்துக்கடை டின்னின் ஆபத்து இங்கேதான். பசும்பாலிலிருந்து செய்த லாக்டோஸ் இல்லாத பால்மாவில் நீக்கப்பட்டிருப்பது சர்க்கரை மட்டுமே, பசும்பாலின் புரதம் அப்படியே இருக்கும். டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலில் பால் திடப்பொருள், கேசின், வே புரதம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதன் அருகே ஒவ்வாமை அறிவிப்பில் 'பால் உள்ளது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அந்த அறிவிப்பு சட்டப்படி கட்டாயம். அந்த வரி இருக்கும் டின் ஒவ்வாமைப் பிள்ளைக்கு ஆகாது. மருத்துவர் சொல்லி இரண்டு முதல் நான்கு வாரம் பாலை முழுக்க நிறுத்தி, பிறகு அவர் கண்காணிப்பில் மறுபடி கொடுத்துப் பார்ப்பதுதான் இதற்குச் சரியான சோதனை. ஆறுதலான செய்தி, பெரும்பாலான பிள்ளைகள் பள்ளி வயதுக்குள் இதைக் கடந்துவிடுகிறார்கள்.

நான்காவது ஒன்றும் உண்டு, அதற்குப் பாலோடு சம்பந்தமே கிடையாது. பிள்ளை ஓடியாடுகிறது, எடை ஏறுகிறது, ஆனால் நாளுக்கு நாலு தடவை இளக்கமாகப் போகிறது, காரட் துண்டு அப்படியே வெளியே வருகிறது. இப்படி இருந்தால் பழச்சாற்றையும் பாக்கெட் ஜூஸையும் நிறுத்திப் பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

சரி, ஆட்டுப்பால் கொடுக்கலாமா? காந்தி குடித்த பால் என்ற மரியாதை அதற்கு உண்டு. லாக்டோஸ் அதிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். புரதமும் பசும்பால் புரதத்தின் நெருங்கிய சொந்தம், ஆகவே பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் சேராது. எருமைப்பாலும் அப்படியே. ஃபோலேட் சத்து ஆட்டுப்பாலில் மிகக் குறைவு என்பதால் அதையே நம்பி வளரும் குழந்தைக்கு ரத்தசோகை வரலாம். சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்களைப் பால் என்று பெயரிட்டு விற்பதை உணவுத் தரச் சட்டம் ஏற்பதில்லை. பாதாம், அரிசி பானங்களில் புரதம் சொற்பம். பால் குடிக்காத பிள்ளைக்கு அவற்றை மட்டும் கொடுத்து வளர்த்தால் வளர்ச்சி குன்றிவிடலாம்.

ஏ2 பாலின் கதை இன்னும் வேடிக்கை. நாட்டுமாட்டுப் பால், மென்மையான வயிற்றுக்கு ஏற்றது என்று இரட்டை விலையில் விற்கிறார்கள். பீட்டா கேசின் என்ற ஒரே ஒரு புரதத்தில் உள்ள சின்ன வேறுபாடுதான் ஏ1, ஏ2 என்பது. லாக்டோஸ் அதில் குறைவதில்லை, ஒவ்வாமைக்கும் அது தீர்வல்ல. 2024 ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பால் பொருட்களின் உறையிலிருந்து ஏ1, ஏ2 என்ற சொற்களை நீக்கச் சொன்னது. அந்த உத்தரவின் மை காய்வதற்குள், ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், அதை அந்த ஆணையமே திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டின் சாதி என்னவானாலும் அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஒரு வயதுக்கு மேல், எந்தக் கோளாறும் இல்லாத பிள்ளைக்கு நன்றாகக் காய்ச்சிய சாதாரண பாக்கெட் பால் போதும், நாளுக்கு 300 முதல் 500 மில்லி வரை. அதற்கு மேல் கொடுத்தால் சோறு இறங்காது, மலச்சிக்கலும் இரும்புச்சத்துக் குறைவும் வரும். 12 முதல் 23 மாதம் வரையிலான பிள்ளைக்கு 'வளரும் குழந்தைப் பால்' வகை மாவுகள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

அந்தச் சாதாரண பால் நல்ல பாலா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. யூரியா, சோப்பு என்று நாம் பயந்த கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என்று கண்டறியப்பட்டவை வெறும் 12. ஆனால் மாட்டுத்தீவனத்தில் பிடிக்கும் பூஞ்சையிலிருந்து பாலுக்கு வரும் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு 368 மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் முன்வரிசையில் நின்ற மூன்று இடங்கள் தமிழ்நாடு, டெல்லி, கேரளம். காய்ச்சினால் இந்த நஞ்சு போகாது. இது மாட்டுத்தொழுவத்திலும் பால் கொள்முதல் நிலையத்திலும் தடுக்க வேண்டியது, தாய்மார் அடுப்படியில் தடுக்கக் கூடியதல்ல.

கேரளத்தில் எல்லைச் சோதனை உண்டு, அதன் பலவீனமும் ஊரறிந்தது. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த 15,300 லிட்டர் பாலோடு ஒரு டேங்கரை ஆரியங்காவு எல்லைச் சாவடியில் கேரளப் பால்வளத்துறை பிடித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருக்கிறது என்றது. உணவுப் பாதுகாப்புத் துறை பின்னர் எடுத்த மாதிரியில் அது தென்படவில்லை. மாதிரி எடுக்கத் தாமதமானதே காரணம் என்று பால்வளத்துறை சொன்னது. பெராக்சைடு நேரம் போகப்போகச் சிதைந்து மறையக் கூடிய பொருள். யார் சொன்னது சரியோ, கலப்பட வழக்கில் கடிகாரம்தான் முதல் சாட்சி என்பது அந்த வழக்கிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். பால் கெட்டது என்று சந்தேகம் வந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடாமல் மூடி ஃப்ரிஜ்ஜில் வையுங்கள். பிரிக்காத அதே தொகுப்புப் பாக்கெட் இன்னொன்று கிடைத்தால் அதையும் வாங்கி வையுங்கள். உறை, தொகுப்பு எண், பில் மூன்றையும் அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி சட்டம். 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுகள், பாலூட்டும் பாட்டில்கள், குழந்தை உணவுகள் சட்டம், 2003இல் செய்த திருத்தத்தோடு சேர்த்துப் படித்தால், இரண்டு வயது வரையிலான பால்மாவுக்கு எந்த விளம்பரமும் கூடாது என்கிறது. இலவச மாதிரி கூடாது, பரிசு கூடாது, டின்னில் குழந்தைப் படமோ தாயின் படமோ கூடாது, மருத்துவப் பணியாளருக்குக் கமிஷனோ அன்பளிப்போ கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை அந்தக் காலத்துக் கணக்கு, இன்று ஒரு கம்பெனியின் டீச்செலவுக்குக் காணாது. டின்னில் 'இரண்டு வயதுக்கு மேல்' என்று போட்டுவிட்டால் சட்டத்தின் கை அங்கே எட்டாது. டிவியில் சிரிக்கும் குழந்தைகள் எல்லாம் இரண்டைத் தாண்டியவர்களாக இருப்பதன் ரகசியம் அதுதான். மருத்துவமனையில் யாராவது டின்னை இலவசமாக நீட்டினால் படத்தோடு புகார் கொடுக்கலாம். இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க அரசு அதிகாரம் அளித்த அமைப்புகளில் டெல்லியிலுள்ள இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்பும் ஒன்று.

மருந்துக்கடைக் கவுண்டருக்கு வந்த அந்த ஆரஞ்சு பானத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைகளில் விற்பனையாயின. வயிற்றால் போகும் பிள்ளைக்கு அதிகச் சர்க்கரை கொடுத்தால் குடல் இன்னும் தண்ணீரை இழுக்கும், போக்கு கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் தனியாகப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளை எந்த பானத்தின் பெயரிலும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் கேட்க வேண்டியது உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொடி. உறையில் எழுதிய அளவுத் தண்ணீரில், ஒரு சொட்டும் கூட்டாமல் குறைக்காமல் கரைக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் தர வேண்டும், இதை அரசு மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டாலோ கடையை விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள். தம்பானூரிலிருந்து மிக அருகே தைக்காட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது.

கெட்ட பாலோ, பொய் லேபிளோ கையில் கிடைத்தால், கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 1125. தமிழ்நாட்டில் வாங்கியதானால் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண். கேரள உணவுப் பாதுகாப்பு ஆணையரின் அலுவலகம் தைக்காட்டிலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்று: வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். திருவனந்தபுரத்தில் அந்த ஆய்வகம் வஞ்சியூரில், ஸ்டேஷனிலிருந்து தொலைவில்லை. அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு, உணவால் உடல்நலம் கெட்டால் 1 லட்சம் வரையும், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரையும் இழப்பீட்டுக்கு இடம் தருகிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விலையாகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. முதலில் 1915ஐ அழைத்துப் பேசிப் பார்க்கலாம். பலர் கைவிடுவது "தம்பானூருக்கு யார் அலைவது" என்ற சலிப்பில்தான். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் என்றில்லை, புகார் தருபவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தம்பானூரில் வாங்கிய டின்னுக்கான மனுவை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையமே எடுத்துக்கொள்ளும்.