விருது வேண்டாம்னு ஏன் சொன்னேன்?



போன கார்த்திகை மாசம் எனக்கு ஒரு போன் வந்தது. இயற்கை விவசாயத்தில் சாதனை செய்ததற்காக என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், கேடயமும் ஒரு லட்சம் ரூபாயும் தருவதாகவும் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த சங்கக் கூட்டத்தில் பெரிய சண்டையே வந்துவிட்டது. "அண்ணே, ஒரு லட்சம்ணே! விதைக் கூடம் ஒழுகுது. கூரையாச்சும் போட்டிருக்கலாம்ல?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நம்மில் பலருக்கும் இப்படி அழைப்பு வருகிற காலம் இது.

விதை யாருடையது?

என்னைத் தேடி விருது வந்ததே காட்டுயானம் நெல்லால்தான். எங்கள் ஊர் கடைமடை. மழை பிந்தினாலும் கஷ்டம், ஒரேயடியாகக் கொட்டினாலும் கஷ்டம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, தண்ணீர் தேங்கினாலும் தாக்குப்பிடிக்கிற காட்டுயானம் எங்கள் மண்ணுக்கு ஏற்ற நெல். அதை நான் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் குதிரில் வைத்திருந்த விதையில் ஒரு மரக்கால் கொடுத்தார். அவருக்கு அது அவர் மாமியார் கொடுத்தது. மாமியாருக்கு யார் கொடுத்தார்களோ!

வாங்கி வந்த பிறகு நான் மட்டுமா பார்த்தேன்? நாற்றுப் பறித்ததும் நட்டதும் எங்கள் தெருப் பெண்கள். பூக்கும் தருணத்தில் வயலில் இறங்கி, உயரத்தையும் கதிர் நிறத்தையும் பார்த்துக் கலவன் பிடுங்கியதும் அவர்கள்தான். அந்தக் கண் எனக்கு இன்னும் வரவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது எங்கள் விதைக் கூடத்தின் கூரை பறந்துவிட்டது. விதைக்கோட்டைகள் எல்லாம் நனைந்தன. நான் என் வீட்டுக்கூரையைத் தேடிக்கொண்டிருந்தேன். கூலி வேலைக்குப் போகிற ஓர் அக்கா, தன் குடிசையும் தரையில் கிடக்க, விதையைத் தலையில் சுமந்துபோய்த் தார்ரோட்டில் கொட்டிக் காயவைத்தார். "வீட்டை அப்பறம் கட்டிக்கலாம் தம்பி. விதை முளைச்சுப்போச்சுன்னா என்ன பண்றது?" என்றார். அவர் காப்பாற்றிக் கொடுத்த விதைதான் இன்று பல ஊர் வயல்களில் நிற்கிறது.

இந்தக் கதையை விருதுக்காரர்களிடம் சொல்லி, "எங்கள் சங்கத்தின் பேரில் தருவீங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க சார், தனிநபருக்குத்தான். போட்டோவுக்கு ஒரு முகம் வேணும்ல" என்றார்கள். முதல் காரணம் இதுதான். பல பேருடைய உழைப்பு மேடை ஏறும்போது ஒருவருடைய பேராக மாறிவிடுகிறது.

கேரளத்தின் முன்னாள் சுகாதார அமைச்சர் கே.கே.ஷைலஜாவுக்கு 2022இல் மகசேசே விருது தருவதாகச் சொன்னபோது, அவரும் அவருடைய கட்சியும் மறுத்ததற்கு இது ஒரு காரணம். பொதுச் சுகாதாரம் கூட்டு உழைப்பால் நடப்பது, தனி ஒருவருடைய சாதனை அல்ல என்றார்கள். மகசேசே பிலிப்பைன்ஸில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கியவர் என்பது இன்னொரு காரணம். கட்சி நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். நம் விதைக்கும் முதல் காரணம் அப்படியே பொருந்துகிறது.

கொடுக்கிற கை எது?

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஒரு படிவம் அனுப்பினார்கள். என் படத்தையும் பேரையும் விழாவை நடத்தும் நிறுவனங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள நான் சம்மதிப்பதாகக் கடைசிப் பக்கத்தில் இருந்தது. யார் அந்த நிறுவனங்கள் என்று விசாரித்தால், அதில் ஒன்று களைக்கொல்லி விற்பது! பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய் "களைக்கொல்லி அடிக்காதீங்க" என்று சொல்கிறேன். என் முகத்தையே அந்தப் பேருக்குப் பக்கத்தில் போட்டால், நாளைக்கு நான் சொல்வதை யார் நம்புவார்கள்?

2020 டிசம்பரில் டெல்லியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் விஞ்ஞானி வரிந்தர்பால் சிங், இலையின் பச்சை நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு யூரியாவைக் குறைக்கும் முறையில் வேலை செய்தவர். உர நிறுவனங்களின் சங்கம் அவருக்கு விருது அறிவித்தது. மத்திய அமைச்சர் கையால் கொடுக்கும் விழா. பேர் கூப்பிட்டதும் மேடை ஏறினார். விவசாயிகள் ரோட்டில் கிடக்கும்போது இதை வாங்க என் மனசாட்சி இடம் தரவில்லை என்ற பொருளில் பேசிவிட்டு, வாங்காமலே இறங்கிவிட்டார். வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் உழவர்கள் குளிரில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிப் பத்துப் பேர் பேசியிருப்பார்கள். அவர் மறுத்ததை நாடே பேசியது.

பத்திரிகையாளர் பி.சாய்நாத் அரசு தரும் விருதுகளை ஏற்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார். அரசைக் கேள்வி கேட்டு எழுதுகிறவர் அதே அரசிடம் பரிசு வாங்கினால் சரிவராது என்பது அவர் கணக்கு. அதே சாய்நாத் 2007இல் மகசேசே விருதை ஏற்றுக்கொண்டார். கொடுக்கிறவர் யார் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்.

வாங்கிப் பட்ட பாடு

மூன்றாவது காரணம் என் சொந்த அனுபவம். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு விருதை வாங்கினேன். பொன்னாடை, மாலை, கைத்தட்டல், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மேடை மேடையாகக் கூப்பிட்டார்கள். டிசம்பர் 23 தேசிய உழவர் தினம். அதையொட்டி நிறையக் கூட்டங்கள் நடக்கும். காட்டுயானத்தில் கலவன் பிடுங்க வேண்டிய நேரமும் அதுதான். நான் மேடையில் விதைத் தூய்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். என் வயலில் கலவன் நின்று முற்றிக்கொண்டிருந்தது! அடுத்த வருஷம் என்னிடம் விதை வாங்கிய மூன்று பேருக்குப் பயிர் கலப்பாக வந்தது. ஒருவர் போன் பண்ணி, "விருது வாங்கின விதைன்னு நம்பி வாங்கினேன்" என்றார். அந்த வார்த்தை இன்றும் குத்துகிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஆரம்பத்திலிருந்து என்னோடு சமமாக உழைத்த நண்பர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். போய்ப் பார்த்தேன். "நீங்கதானே சாதனையாளர், நாங்க கூட நின்னவங்கதானே" என்றார். அவர் மேல் தப்பில்லை. மேடையில் பேசியபோது அவர் பேரைச் சொல்ல நான்தான் மறந்துபோனேன். அவர் திரும்பி வர இரண்டு பட்டம் ஆனது.

மறுப்பதும் ஒரு சொல்

வேலை முடியாதபோது விருது வருவது நான்காவது காரணம். 1973இல் வியட்நாமின் லீ டுக் தோவுக்கும் அமெரிக்காவின் கிஸ்ஸிங்கருக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு அறிவித்தார்கள். என் நாட்டில் இன்னும் அமைதி வரவில்லையே என்று லீ டுக் தோ மறுத்துவிட்டார். போர் முடிந்தது 1975இல்தான். நம் ஊரிலும் பூச்சிமருந்துக் கடைகள் குறையவில்லை, மண்ணும் தேறவில்லை. "சாதித்தவர்" என்று பட்டம் கட்டிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று ஆகிவிடும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது இன்னொரு வழி. தென்னாப்பிரிக்காவில் செய்த சேவைக்காகத் தந்த கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தைக் காந்தி 1920 ஆகஸ்டில் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919இல் தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தார். இரண்டு பேரும் அதை அரசுக்குப் புரிகிற மொழியாகப் பயன்படுத்தினார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. பத்ம விருதுகளைப் பேருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாகப் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. நாம்தான் போஸ்டரில் பெரிதாகப் போட்டு மகிழ்கிறோம்.

வாங்கியவர்கள் தப்பானவர்களா?

இல்லவே இல்லை. கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு நாகை, தஞ்சைப் பகுதியில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் தம்பதி, 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருதை ஏற்றார்கள். அவர்களுடைய லாப்டி அமைப்பும் சேர்த்தே அதில் பாராட்டப்பட்டது. சுந்தர்லால் பகுகுணா 1981இல் பத்மஸ்ரீ வேண்டாம் என்றார். அவரே 2009இல் பத்மவிபூஷணை ஏற்றுக்கொண்டார். இடையில் 1987இல் சிப்கோ இயக்கத்துக்கே அந்த மாற்று நோபல் விருது கிடைத்தது. ஆகவே மறுப்பது பெரிய விரதம் அல்ல. மறுத்துவிட்டு அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தால் அதுவும் ஒரு கேடயம்தான். இதை எழுதும்போது எனக்கே அந்தப் பயம் இருக்கிறது.

சண்டை ஓய்ந்த பிறகு எங்கள் சங்கத்தில் உட்கார்ந்து பேசி, இனி யாருக்கு அழைப்பு வந்தாலும் சில கேள்விகள் கேட்பது என்று முடிவு செய்தோம். பணம் எங்கிருந்து வருகிறது? சங்கத்தின் பேரில் தருவார்களா? படத்தையும் பேரையும் எதற்குப் பயன்படுத்துவார்கள்? வயலில் வேலை இருக்கிற நாளா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். மேடைக்கு ஒருவர் போகாமல், கலவன் பிடுங்குகிற அக்காக்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தனியாக யாரும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

கூரைக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஆளுக்கு இரண்டு மரக்கால் நெல் என்று வசூல் செய்கிறோம். பாதிதான் சேர்ந்திருக்கிறது. இந்த மழைக்குத் தார்ப்பாய்தான். சண்டை போட்ட தம்பிதான் அதைக் கட்டினான். அவன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "அடுத்த தடவை கேள்வியை நான் கேக்குறேண்ணே" என்கிறான். கேட்கட்டும்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த நெல் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். எங்கள் சங்கத்திலும் அதைத்தான் பின்பற்றுகிறோம். போன தை மாசம், கலப்பு விதை வாங்கி ஏமாந்த அந்த மூன்று பேரில் ஒருவர் வந்தார். மறுபடி கொடுத்த விதைக்குப் பதிலாக 4 கிலோ கொண்டுவந்திருந்தார். அக்கா ஒரு கைப்பிடி அள்ளி வெயிலில் பரப்பிப் பார்த்தார். "கலவன் இல்ல தம்பி" என்றார்.

எனக்கு அது போதுங்க.