உங்களுக்குத் தெரியுமா? உயர்த்திய கப் வாகனத்தின் சில்லுக் கோணம்

வன்னியின் கிறவல் வீதிகளுக்கென்று கப் வாகனத்தை உயர்த்திப் பெரிய ரயர் போட்டால், சில்லுக் கோணங்களைச் சரிசெய்யும் எலைன்மன்ட்டையும் புதிதாகச் செய்தே ஆகவேண்டும். முன்சில்லுகள் தனித்தனியே அசையும் வாகனங்களில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர் (சில்லின் உள்-வெளிச் சாய்வு), டோ (சில்லுகளின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மூன்றும் மாறிவிடும். காஸ்டர் குறைந்தால் ஏ9 வீதியில் வேகமெடுக்கும்போது வாகனம் அலையும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. காஸ்டர் குறைவதுதான் ஆபத்தானது. டோ பிழைத்தாலோ விலைகொடுத்து வாங்கிய ரயர் வீணாகத் தேயும்.

டோவை மில்லிமீற்றரில் அல்ல, பாகையில் அளக்கச் சொல்லுங்கள். ரயர் விளிம்பில் அளந்த அதே 2 மில்லிமீற்றர், பெரிய விட்டத்தில் சிறிய கோணமே. முன்னால் ஒரே முழு அச்சுள்ள பழைய வாகனங்களில் கேம்பர் மாறாது. அங்கே காஸ்டரைப் பாருங்கள்.

இன்னொன்று: ரயரின் விட்டம் 10% கூடினால், வேக மீற்றர் 60 காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 66.