சாத்தூர் எழுப்பிய கேள்வி: பரிசோதனை முடிவு யாருக்கு உரியது?

2018 டிசம்பர் 3 அன்று, விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகையால் பாதிக்கப்பட்ட கர்ப்பிணிப் பெண் ஒருவருக்குக் குருதி ஏற்றப்பட்டது. அது சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதன் வழியே அவருக்கு எச்.ஐ.வி. தொற்று பரவியது. அக்குருதியை அளித்த இளைஞருக்குத் தொற்று இருப்பது, 2016இல் அவர் அளித்த குருதியிலேயே கண்டறியப்பட்டிருந்தது என்றும், அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும் பின்னர் செய்திகள் வெளியாயின. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அவர் தம் நிலையை அறிந்தார். அறிந்ததும் தாமே இரத்த வங்கிக்குத் தகவல் தந்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது. அம்மாத இறுதியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் ஆய்வக ஊழியர்களின் அலட்சியமாகவே பேசப்பட்டது. அலட்சியம் உண்மைதான், அந்தக் குருதி முறையாகப் பரிசோதிக்கப்பட்டிருந்தால் அப்பெண்ணுக்குத் தொற்று ஏற்பட்டிருக்காது. ஆனால் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. ஒருவரின் உடலிலிருந்து எடுத்த குருதி சொல்லும் உண்மை முதலில் யாருக்கு உரியது?

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறே இக்கேள்வியுடன்தான் தொடங்குகிறது. 1986இல் சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் குருதியில்தான் நாட்டின் முதல் தொற்றுகள் உறுதிசெய்யப்பட்டன. எதற்கான பரிசோதனை என்பது அப்பெண்களுக்கு விளக்கப்படவில்லை. மருத்துவ அறிவு வளர்ந்தது. அவ்வறிவுக்கு உடலைத் தந்தவர்களின் ஒப்புதல் பொருட்படுத்தப்படவில்லை.

1995இல் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. நாகாலாந்திலிருந்து உறவினரின் சிகிச்சைக்காகச் சென்னை வந்த மருத்துவர் ஒருவர் தனியார் மருத்துவமனையில் குருதி அளித்தார். அவருக்குத் தொற்று இருந்த செய்தி பிறருக்குத் தெரியவந்து அவரது திருமணம் நின்றுபோனது. அவர் தொடுத்த வழக்கில், 'எக்ஸ்' எதிர் மருத்துவமனை 'இசட்' என அறியப்படும் 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அந்தரங்க உரிமை முழுமுற்றானது அன்று என்றது உச்ச நீதிமன்றம். மணக்கவிருந்த பெண்ணின் நலவாழ்வு உரிமையையே அது மேலாகக் கருதியது. தொற்றுள்ளோரின் திருமண உரிமை குறித்து அத்தீர்ப்பு கூறியவை தேவையற்றவை என 2002இல் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

ஒன்றில் பிறர் அறிந்தனர். மற்றொன்றில் உரியவரே அறியவில்லை. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் பிழை ஒன்றே: முடிவுக்கு உரியவர் மையத்தில் இல்லை. மறைகாப்பு என்பது பிறரிடம் சொல்லாதிருப்பது. உரியவரிடமே சொல்லாதிருப்பது அன்று.

சட்டம் இதை உணராமல் இல்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, பரிசோதனைக்கு அறிந்து தரும் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதலின்றித் தொற்று நிலையை வெளியிடுவதையும், தொற்றுள்ளோரைப் பாகுபடுத்துவதையும் தடை செய்கிறது. கொடைக் குருதியைச் சோதிக்கத் தனி ஒப்புதல் தேவையில்லை. ஆனால் முடிவை அறிய விரும்பும் கொடையாளரை ஆலோசனை மையத்திற்கு அனுப்ப வேண்டும். இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10 அன்று. சாத்தூர் நிகழ்வு நடந்தது அதன் பின் மூன்று மாதங்களுக்குள்.

2017இல் தேசிய இரத்தப் பரிமாற்றக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வேறொரு வழியையும் கைக்கொண்டன. திருநர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், பெண் பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரைக் குருதி கொடுப்பதிலிருந்தே நிரந்தரமாக விலக்கின. இதை எதிர்த்து மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயல்பாட்டாளர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துள்ளார். ஒரு பிரிவினரையே ஐயத்துக்குரியவராக்கும் இச்சிந்தனை, தீட்டின் பெயரால் ஒதுக்கப்பட்டோருக்குப் புதிதல்ல. சாத்தூரில் அது எவரையும் காக்கவுமில்லை. ஒரு தனிமனிதரிடம் உரிய நேரத்தில் மதிப்போடு பேசியிருந்தால் இரண்டு வாழ்வுகளும் காக்கப்பட்டிருக்கக்கூடும்.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. சேத்தூர், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கூலிக் குடும்பங்களுக்கு அரசு மருத்துவமனையை விட்டால் வேறு போக்கில்லை. அங்கே ஏற்றப்படும் குருதியைக் கேள்வி கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. ஆகவே உயிரி மருத்துவ அறம் அவர்களுக்கு வாழ்வுரிமைச் சிக்கல். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு சார்ந்தது. அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இழப்பீடு தேவை. ஆனால் அது நேர்ந்த பின் வருவது.

நேராமல் தடுப்பதில் நமக்கும் பங்குண்டு. அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் குருதிக்கொடை முகாம் நடத்தும் அமைப்புகளும் கல்லூரி மாணவர்களும் இரத்த வங்கியிடம் மூன்றைக் கேட்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் வாசித்து விளக்கப்படுகிறதா? தொற்று ஐயம் எழுந்தால் கொடையாளரைத் தனியே அழைத்து நம்பிக்கை மையத்திற்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது? அவர் வந்து சேர்ந்தாரா என்பதை யார் உறுதி செய்கிறார்கள்? இவற்றுக்கு எழுத்தில் விடை பெறாமல் எவரையும் முகாமுக்கு அழைக்கக் கூடாது.