சர்க்கரை கூடியது யார் குற்றம்?

"அப்பத்தா! ஒளிச்சு வச்சு வெல்லம் தின்னியா?"

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை ஆனாலும் சரி, சென்னைப் பட்டணம் ஆனாலும் சரி, ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கிளம்புகிற முதல் கேள்வி இதுதான். கிழவி சத்தியம் செய்வாள். யாரும் நம்பமாட்டார்கள். ஒரு மாத்திரை இரண்டாகும்.

கிழவி சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வாயைக் கட்டினாலும் சர்க்கரை கூடுவது உண்டு. காரணம் வயிற்றுக்குள்ளே இருக்கிறது.

பத்து லட்சம் திட்டுகள்

இரைப்பைக்குப் பின்னால் இருப்பது கணையம். அதில் சுமார் 10 லட்சம் சின்னஞ்சிறு திட்டுகள் இருக்கின்றன. 1869-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் இவற்றை முதலில் கண்டு எழுதினார். எதற்காக இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியவில்லை. இன்சுலின் சுரப்பது இங்கேதான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதைச் சுரக்கும் உயிரணுவுக்குப் பீட்டா அணு என்று பெயர்.

சோறு தின்றதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அது பீட்டா அணுவுக்குள் நுழைந்து, அடுப்பில் விறகு எரிவதுபோல் எரியும். அடுப்பு நன்றாக எரிந்தால் அணுவின் கதவு திறக்கும். கால்சியம் உள்ளே பாயும். உடனே, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும் இன்சுலின் ரத்தத்தில் கொட்டும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்!

ஓயாத அபாய மணி

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? கிருமியை எதிர்க்க வெள்ளை அணுக்கள் அங்கே திரளுகின்றன. அவை ரசாயனத் தூது அனுப்புகின்றன. 'இன்டர்லூக்கின்-1 பீட்டா' என்பது அந்தத் தூதுகளில் ஒன்று. புண் ஆறினால் தூதும் நின்றுவிடும்.

வயிற்றில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை. ஆனாலும் இந்த அபாய மணி மெல்ல அடித்துக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் ஓயாமல் நிற்கிற சர்க்கரையும் கொழுப்பும் கணையத் திட்டுகளிலும் அதைக் கிளப்பிவிடுகின்றன. வெள்ளை அணுக்கள் அங்கும் கூடுகின்றன.

விளைவு என்ன? பீட்டா அணுவின் அடுப்பு மங்குகிறது. கதவு சரியாகத் திறப்பதில்லை. பொட்டலம் இருந்தும் வெளியே வருவதில்லை. நாளடைவில் அணுவே மடிகிறது. இன்சுலின் குறையக் குறையச் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏற ஏற மணி பலமாக அடிக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தத் தூது கொஞ்சமாக வந்தால் நல்லதே. சாப்பாட்டுக்குப் பிறகு சிறிதளவு தூது இன்சுலினைத் தூண்டிவிடுகிறது என்று சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் எலிகளைக் கொண்டு 2017-ல் கண்டார்கள்.

மருந்து உண்டா?

2007-ல் வந்த ஒரு செய்தி டாக்டர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. 70 நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு, இந்தத் தூதைத் தடுக்கும் ஊசி 13 வாரம் போடப்பட்டது. அவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. இன்சுலின் சுரப்பும் கூடியது. ஆனால் 2018-ல் வெளியான வேறொரு பெரிய சோதனையில், இதே வகை மருந்து புதிதாக நீரிழிவு வருவதைத் தடுக்கவில்லை. ஆகவே இது இன்னும் வழக்கமான வைத்தியம் ஆகவில்லை.

ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலேட் மருந்து சர்க்கரையைக் குறைக்கிறது என்று ஜெர்மன் டாக்டர் எப்ஸ்டீன் 1876-லேயே எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு யாரும் கடைக்கு ஓடவேண்டாம். அந்த அளவுக்கு ஆஸ்பிரின் விழுங்கினால் வயிற்றில் ரத்தம் கசியும்.

கையில் இருக்கிற வைத்தியம் பழையதுதான். தினமும் நடப்பது, தொப்பையைக் குறைப்பது, பீடியை விடுவது. இவை மணியின் சத்தத்தைத் தணிக்கின்றன.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படி வருகிறவர்களிடம் அப்பத்தா இன்னொன்றையும் சொல்லலாம்: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா என்பதை. ஈறு வீக்கமும் இந்த மணியை அடிக்கும். அதைக் குணப்படுத்தினால் சர்க்கரையும் ஓரளவு இறங்குகிறது.