வனாத்தமுல்லையில் ஒரு மைதானம்

மாலை வேளையில் திருகோணமலை முற்றவெளிப் பக்கம் உலாவச் சென்றவர்கள் அங்கு நடைபெறும் கிரிக்கெட் ஆட்டத்தைக் கண்டிருப்பார்கள். அதில் மான்களுக்கும் பங்குண்டு. கோட்டைப் பக்கத்திலிருந்து மேய வரும் புள்ளிமான்கள் எல்லைக்கோட்டருகே நிதானமாக நின்றுகொண்டிருக்கும். அடித்த பந்து அவற்றின் நடுவே புகுந்துவிட்டால் இரண்டு ஓட்டம் என்று நம் பையன்கள் தாங்களே ஒரு சட்டம் இயற்றி வைத்திருக்கிறார்கள். மான்கள் அச்சட்டத்தை இதுவரை ஆட்சேபித்ததில்லை.

அவ்வாட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சனிக்கிழமை, என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் அருகில் வந்தான். கையில் பத்திரிகை.

"சேர், கொழும்பிலே தமிழ் யூனியன் என்று ஒரு கழகம் இருக்கிறது. அதன் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலும் சிங்களப் பெயர்கள். பிறகு எதற்குத் தமிழ் என்ற பெயர்?"

அவன் கேட்டது கேலியாகவா, வருத்தத்தினாலா என்பது எனக்கு விளங்கவில்லை. அவன் நல்ல பந்துவீச்சாளன். கொழும்புக்குச் சென்று ஒரு கழகத்தில் ஆடவேண்டுமென்ற ஆசை அவனுக்கு உண்டென்பதை நான் அறிவேன். ஆகவே ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட மனம் ஒப்பவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

இலங்கைக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர் என்பது யாவரும் அறிந்ததே. 1832ஆம் ஆண்டிலேயே கொழும்பில் பட்டாளத்தார் ஆடியதாக வரலாறு உண்டு. பள்ளிக்கூடங்களுக்குள் அதைப் புகுத்தியவர் றோயல் கல்லூரி ஆசிரியரான ஆஷ்லி வாக்கர் என்பவர். (ஆசிரியர்கள் நாட்டுக்குச் செய்த நன்மைகளை எண்ணும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்; தீமைகளில் சேர்க்கும் பெற்றோரும் உளர்.) யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் மோதிவருகின்றன. நமது ஊரிலோ துறைமுகத்துக்கு வந்த கடற்படையினர் கப்பலிலிருந்து இறங்கி ஆடினார்கள். 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டு அவர்கள் சென்றுவிட்டார்கள். ஆட்டம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஆட்டம் நாட்டு மக்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஆடுவதற்குக் கழகம் வேண்டுமே! 1863இல் தோன்றிய கொழும்பு கிரிக்கெட் கழகம் வெகுகாலம் வெள்ளைக்காரருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. கதவு சாத்தப்பட்டால் மனிதர் செய்வது யாது? தத்தமக்கென்று ஒவ்வொரு கதவு வைத்துக்கொள்வார்கள். 1872இல் மலாய் சமூகத்தார் ஒரு கழகம் கண்டனர். 1896இல் பறங்கியர் ஒன்று நிறுவினர். 1899இல் சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் ஒரே ஆண்டில் தோன்றின. 1908இல் சோனகர் கழகம் வந்தது. இடையில், 1888இல், 'நொண்டஸ்கிறிப்ட்ஸ்' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்ட ஒரு கூட்டத்தாரும் உளர். எந்த வகுப்பிலும் அடங்காதவர் என்பது அதன் பொருள். அப்பெயரைச் சூட்டியவர் யாராயினும் அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது.

ஆகவே தமிழ் என்ற பெயர் அக்காலத்தில் ஒரு கொடியன்று. வேறு வாசலில்லாதவர்கள் கட்டிய வாசல். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் உத்தியோகம் தேடித் தலைநகர் சென்ற இளைஞனுக்கு ஆறு நாள் கந்தோர். ஓய்வு கிடைத்த வேளையில் ஏறிப் போக ஓர் இடம் வேண்டும். அங்கே துடுப்பைப் பிடிப்பவனுக்குக் கூலியில்லை. சந்தா கொடுத்தே ஆடவேண்டும். சனி, ஞாயிறு தினங்களில் தமிழர் அணியும் சிங்களர் அணியும் சோனகர் அணியும் எதிரெதிரே நின்று ஆடிவிட்டு ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்தின. வகுப்பின் பெயரால் பிரிந்த கழகங்களே வகுப்பினரை வாரந்தோறும் சந்திக்க வைத்தன. இது அந்த அமைப்பின் வேடிக்கை.

கழகத்துக்குக் கொழும்பின் கிழக்கு ஓரத்தில், பொரளையை அடுத்த வனாத்தமுல்லையில், பெரியதொரு மைதானம் வாய்த்தமைக்கு முக்கிய காரணம் பாக்கியசோதி சரவணமுத்து என்பவர். சிவில் சேவை உத்தியோகத்தர். தேயிலை, இறப்பர்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் உயர் பதவி வகித்தவர். 1937இல் கொழும்பு மாநகரின் முதல் மேயராகத் தெரிவுசெய்யப்பட்ட டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து இவருடைய சகோதரர். 1948இல் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தபோது அதன் முதல் தலைவராகவும் இவரே அமர்ந்தார். அன்று 'கொழும்பு ஓவல்' எனப்பட்ட மைதானம் பிற்காலத்தில் அவர் பெயரையே ஏற்றது. 1945இல் அவுஸ்திரேலியப் படைவீரர் அணி அங்கு ஆடியபோது கீத் மில்லர் 132 ஓட்டங்கள் குவித்தார்.

ஆயினும் அம்மைதானத்தின் பெயர் உலகக் கிரிக்கெட் ஏடுகளில் ஏறியது ஒரு பிழையால். 1948 மார்ச் 27ஆந் திகதி, நாடு சுதந்திரமடைந்து எட்டு வாரங்கள்கூட நிறைவுறவில்லை. டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியிற் கப்பலைவிட்டு இறங்கி, ஒருநாள் பந்தயம் ஆட வந்தது. மக்கள் திரண்டுவிட்டார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பந்து வீசிய அவுஸ்திரேலியருக்கு ஓர் ஐயம் தோன்றிற்று. தூரம் ஏதோ குறைகிறதே! அளந்து பார்த்தால், ஆடுகளம் 22 கஜத்துக்குப் பதில் 20 கஜமாக இருந்தது.

மாணவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். 22 கஜம் என்பது நில அளவைக்காரர் பழைய நாளிற் பயன்படுத்திய ஒரு சங்கிலியின் நீளம், ஏறத்தாழ 20.12 மீற்றர். அதில் இரண்டு கஜம் குறைந்தால் பதினொன்றில் ஒரு பங்கு போயிற்று. வேகப்பந்து வந்து சேர அரை வினாடியளவே பிடிக்கும். அந்த அரை வினாடியிலும் பதினொன்றில் ஒரு பங்கை இழந்து துடுப்பாட வேண்டும். சுழற்பந்து வீசுபவனுக்கோ, பந்து எங்கே விழவேண்டுமென்று கைக்குப் பழகிய கணக்கு முழுவதும் பிசகிவிடும். அளவு நாடாவுடன் நின்ற யாரோ ஒருவர் அன்று செய்த தவறு முக்கால் நூற்றாண்டாகப் பேசப்படுகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பிரட்மன் லண்டனிலுள்ள மற்றோர் ஓவல் மைதானத்தில் தமது கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் ஓட்டமெதுவும் பெறாது ஆட்டமிழந்தார். சராசரி 100 ஆவதற்கு நான்கு ஓட்டங்கள் குறைந்தன, 99.94இல் நின்றுவிட்டது. ஓர் ஓவலில் இரண்டு கஜம் குறைவு, மற்றோர் ஓவலில் நான்கு ஓட்டம் குறைவு. இதில் பொருள் ஏதுமில்லை. ஆனால் வகுப்பில் சொன்னால் பையன்கள் மறப்பதில்லை.

அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியன் வீரர் மகாதேவ சதாசிவம். அவர் துடுப்பெடுத்தாடியதைக் கண்டவர்களிற் பலர் இன்று இல்லை. கண்டவர்கள் சொல்லிவைத்ததைக் கேட்டவர்களோ, தாமே கண்டதுபோற் பேசுவார்கள். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் எடுத்த 215 ஓட்டங்கள் அத்தகைய பேச்சுக்கு உரியவை. 1951இல் அவர் மனைவி கொலையுண்டார், அவர்மீதே குற்றஞ்சாட்டப்பட்டது, நீண்ட வழக்கின்பின் 1953இல் விடுதலை பெற்றார். அதன்பின் கடல்கடந்து சென்று சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார். 1977இல் காலமானார். மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைவராயிருந்தும் ஒரு டெஸ்ட் பந்தயமேனும் ஆடாத மனிதர். நாட்டுக்கு அந்தத் தகுதி அப்போது கிடைத்திருக்கவில்லை.

அத்தகுதி கிடைத்ததும் முதற் பந்தயம் எங்கே நடந்தது? அந்த வனாத்தமுல்லை மைதானத்திலேதான். 1982 பெப்ரவரி 17ஆந் திகதி பந்துல வர்ணபுர தலைமையில் இலங்கை அணி இங்கிலாந்தை எதிர்த்து இறங்கியது. முதல் இனிங்ஸில் 218; ரஞ்சன் மடுகல்ல 65, இன்னும் பள்ளிப் பருவம் நீங்காத அர்ஜுன ரணதுங்க 54. இங்கிலாந்து ஐந்து ஓட்டங்களே கூடுதலாகப் பெற்றது. இரண்டாவது இனிங்ஸில் மூன்று விக்கெட்டுக்கு 167 என்று நிமிர்ந்து நின்ற நம் அணி, எம்புரியின் சுழலில் 175க்குச் சுருண்டது. எட்டு ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகள்! தோல்விதான். ஆயினும் டெஸ்ட் ஆடும் நாடாக இலங்கை பிறந்த இடம் ஒரு தமிழ்க் கழகத்தின் புற்றரை என்பதை எவரும் மாற்றி எழுத முடியாது.

அடுத்து நடந்ததைச் சொல்லும்போது எனக்குக் குரல் தாழ்ந்துவிட்டது. மாணவனும் நான் நிறுத்தியதைக் கவனித்தான். 1983 ஜூலை 24ஆந் திகதி இரவு பொரளை கனத்தை மயானத்தருகே வன்செயல் மூண்டது. கனத்தையிலிருந்து வனாத்தமுல்லை தொலைவன்று. அந்நாட்களில் எரிந்த தமிழரின் கடைகள், வீடுகளோடு கழகத்தின் கட்டடமும் எரிந்தது. டெஸ்ட் பிறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. நாடு முழுவதும் கைதட்டிய இடத்தின் வாசலிலே 'தமிழ்' என்ற எழுத்து இருந்தது, அது போதுமானதாயிற்று. நான் அப்போது கைக்குழந்தை. பின்னாளில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த வாரத்தைப் பற்றிப் பேசும்போது கொழும்பு உறவினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "அவை தப்பி வந்திட்டினம்" என்று முடிப்பதைக் கேட்டிருக்கிறேன். கிரிக்கெட் கழகத்தை அந்தப் பட்டியலிற் சேர்த்துச் சொன்னவர் எவருமில்லை. உயிர்களின் முன் கட்டடம் எம்மாத்திரம்?

கழகம் கலைந்துவிடவில்லை. பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. இதுவே அதன் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. அக்காலத்திற் பெயர்ப்பலகையை மாற்றிய கடைகள் எத்தனை! நெற்றியில் திருநீற்றை அழித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியவர் எத்தனை பேர்! அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் கழகம் பழைய பெயரோடேயே மீண்டும் ஆட வந்தது. 1985 செப்டெம்பரில் அதே மைதானத்தில் துலிப் மெண்டிஸ் தலைமையிலான அணி இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்றது. இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது. விக்கெட் காப்பாளர் அமல் சில்வா சதமும் அடித்து, ஒன்பது பேரை ஆட்டமிழக்கவும் செய்தார்.

பிறகு கண்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். தந்தையார் அங்கு பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். 1977 வன்செயலில் அத்தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. பையன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றவன். முத்தையா முரளிதரன் என்று பெயர் சொன்னால் மேலே எழுத வேண்டியதில்லை. 133 டெஸ்ட், 800 விக்கெட். அவர் உள்ளூர்க் கழகமாகக் கொண்டது தமிழ் யூனியனை. அவரையடுத்து நாட்டின் சுழற்பந்துச் சுமையைத் தாங்கிய ரங்கன ஹேரத், குருநாகல் பக்கத்துச் சிங்களவர். 433 விக்கெட் எடுத்தவர். அவரும் அக்கழகத்துக்கு ஆடினார். தெற்கே அம்பாந்தோட்டைப் பகுதியிலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் சுரங்க லக்மாலும் அவ்வாறே. 2015-16ஆம் ஆண்டுப் பருவத்தில் பிரீமியர் போட்டியில் கழகம் முதலிடம் பெற்றது. பல பத்தாண்டுகள் காத்திருந்து பெற்ற பட்டம் அது.

"அப்படியானால், பெயர் தமிழ், ஆட்கள் எல்லாரும்," என்றான் மாணவன்.

"வாசல் கட்டியவர்கள் தமிழர். இப்போது எல்லாரும் அதன் வழியாகப் போய்வருகிறார்கள்" என்றேன். அவன் முகத்தில் முழுத் திருப்தி இல்லை. "நம்மாட்கள் போகிறார்களா, சேர்?" என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. போருக்குள் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக் கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் என்பது வெறும் தூரமாக இருக்கவில்லை. சோதனைச் சாவடிகளால் அளக்கப்பட்டது. இன்று இரவுப் புகைவண்டியில் ஏறினால் விடியற்காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். ஆனால் பயிற்சியாளர், நல்ல ஆடுகளம், தங்க இடம், காலணிக்குப் பணம் ஆகிய இவை புகைவண்டியில் வருவதில்லை. கழகங்கள் இங்கு வந்து பையன்களைத் தேடவேண்டும். நம் பள்ளிகளும் பரீட்சைப் புள்ளிகளுக்கு அப்பால் சற்றுப் பார்க்கவேண்டும். இதை அவனிடம் ஒளிக்காமற் சொன்னேன்.

சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு திடீரென்று, "சேர், எங்கள் ஆடுகளம் எத்தனை கஜம்?" என்றான்.

யாரும் அளந்ததில்லை. பையன்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒருவன் ஓடிப்போய் வீட்டிலிருந்து உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அடிமட்டத்தால் அளந்து கயிற்றில் முடிச்சுப் போட்டு, இரு முனையிலும் இருவர் குந்தியிருந்து இழுத்துப் பிடித்தார்கள். ஒன்றரைக் கஜம் குறைவு. இத்தனை நாளும் தன் பந்தின் வேகமென்று நம்பியிருந்தது இந்த ஒன்றரைக் கஜந்தானோ என்று என் மாணவன் முகம் சிறிது வாடிற்று. துடுப்பாடுகிறவர்களோ இனித் தங்களுக்குச் சுகமென்று ஆரவாரித்தார்கள். விக்கெட்டைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவன் வழக்கத்தைவிட நான்கடி பின்னே போய் நின்று, பந்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு ஓடிவரத் தொடங்கினான்.