இளங்கலை ஆய்வுத் திட்டம்: முக்கூடற் பள்ளு வழி ஒரு விளக்கம்

இளங்கலைச் சிறப்பு வகுப்பு மாணவர், ஆய்வேடு எழுதப் புகுமுன் ஆய்வுத் திட்டம் ஒன்று வகுத்தளித்தல் வேண்டும். இதனை வெறுஞ் சடங்காகக் கருதுவாரும் உளர். திட்டத்தில் நேர்ந்த குறை ஏட்டின் இறுதிவரை தொடரும். ஓராண்டு உழைப்பும் அதனால் வீணாதல் கூடும். ஆதலின் திட்டத்தின் இயல்பினை ஈண்டு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

பொருநைக்கரை மாணவர் ஒருவர் 'பள்ளு நூல்களில் உழவு' எனத் தலைப்பிடுவதாகக் கொள்வோம். இது தலைப்பேயன்றி வினா அன்று. எதனைக் கண்டால் ஆய்வு முடிந்தது என்பது இதனால் விளங்காது. முக்கூடற் பள்ளு நெல்வகைகளின் பெயர்களை அடுக்கிக் கூறுகின்றது. அவை அக்காலத்து இவ்வாற்றங்கரையில் விளைந்தனவா, அன்றிப் பள்ளு மரபு பற்றி வந்த பெயர்களா? இதுவே வினா. இரு திறத்தானும் விடை கூறுதற்கு இடமுடையதே வினாவெனப்படும்.

இனி, விடையைத் துணியும் சான்றுகள் எவை எனத் திட்டம் கூறல் வேண்டும். முதலாவது, பிற பள்ளு நூல்கள். யாழ்ப்பாணத்து எழுந்த பறாளை விநாயகர் பள்ளு முதலியவற்றில் அப்பெயர்களே அவ்வரிசையிலேயே வருமாயின், மரபென்னும் கருத்து வலுப்பெறும். வேறுபடுமாயின், அதுகொண்டு மட்டும் நிலத்தின் விளைவெனத் துணிதல் ஆகாது. அந்நிலையில், பேட் என்பார் தொகுத்து 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடி போன்ற ஆவணங்களையும் நோக்கல் வேண்டும். முதிய உழவர்பாற் கேட்டறியும் பெயர்கள் பயனுடையனவே. எனினும் இன்றைய வழக்கொன்றே பண்டை விளைவுக்குச் சான்றாகாது.

மூன்றாவதாக, எல்லை வரையறுத்தல் வேண்டும். சேரன்மாதேவிப் பக்கத்தே முக்கூடல் என்னும் பேரூர் இன்று உளது. நூல் கூறும் முக்கூடலோ, திருநெல்வேலிக்குக் கிழக்கே, சிற்றாறு பொருநையொடு கலக்கும் சீவலப்பேரிப் பகுதியாகும். பெயரொற்றுமையான் மயங்கிய மாணவர், தொடர்பில்லாத ஊரிற் சொற்களைத் திரட்டி மீள்வர். ஆய்விடத்தைத் திட்டத்திலேயே சுட்டியெழுதின் இவ்விடர் நேராது.

முன்னோர் ஆய்வுகளைத் தொகுத்தலும் கால அளவை வகுத்தலும் இவற்றின்பின் எளியனவாம். வினா தெளிந்தவழி, படிக்கத்தக்கன இவை, விடத்தக்கன இவை என்பது தானே விளங்கும். பெயர்கள் மரபால் வந்தனவே என ஆய்வு முடியினும் அதுவும் ஒரு பேறே. அத்தகு முடிவினையும் ஏற்கும் திட்டத்தையே மாணவர்பால் நாம் எதிர்பார்த்தல் தகும்.