எருமை போன ஏரி

ராஜஸ்தானின் பரத்பூரை ஒட்டியுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா தானாக உண்டான சதுப்பு நிலம் அல்ல. பள்ளமான இடத்தில் கரை எழுப்பி, மதகு வைத்து, வாத்து வேட்டைக்காக மன்னர்கள் தண்ணீர் தேக்கிய பகுதி. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். சுற்றுவட்டாரக் கிராமங்களின் எருமைகளும் மாடுகளும் தலைமுறைகளாக அதற்குள் மேய்ந்துவந்தன.

1982-இல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. கால்நடை நுழைந்தால் பறவைக்குக் கேடு என்பதை அன்று அநேகமாக யாரும் சந்தேகிக்கவில்லை. எதிர்த்துத் திரண்ட கிராமத்தினர்மீது நவம்பரில் போலீஸ் சுட்டதில் சிலர் இறந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பாஸ்பாலம் என்றொரு புல். கணுவுக்குக் கணு வேர்விட்டு, நீர்மேல் மெத்தையாகப் பின்னிக்கொள்ளும். ஆழத்தில் இறங்கி அதை மேய்வது எருமைதான். பசு பெரும்பாலும் கரையோரத்தோடு நின்றுவிடும். எருமை போனதும் புல் நீர்ப்பரப்பை மூடியது. வெயில் உள்ளே இறங்காததால் நீருக்கடியில் வளரும் செடிகள் குன்றின. வாத்துகளுக்கு நீந்த இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய பத்தாண்டு ஆய்வு, எருமை இந்த நிலத்துக்குத் தேவை என்றே சொன்னது.

அதற்காக எருமையைக் கொண்டாடிவிடவும் முடியாது. நீர் நிறைந்த சேற்றில் குளம்பு பதிந்தால் புல்மெத்தை கிழியும், விதை முளைக்க இடைவெளி கிடைக்கும். அதே குளம்பு அரை ஈரக் களிமண்ணில் பதிந்தால் மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் நசுங்கும். மழைநீர் உள்ளிறங்காது, வேர் மூச்சுத் திணறும். மந்தை பெருத்தால் கரை சரியும். சாணத்தின் நைட்ரஜனும் பாஸ்பரசும் அளவு மீறிச் சேர்ந்தால் தண்ணீரில் பாசி மண்டும். எத்தனை மாடு, எந்த மாதம், எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கை விட்டுவிட்டு மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை.

சேற்றில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்னும் சைபீரியக் கொக்கு 2001–02 குளிர்காலத்துக்குப் பிறகு இங்கே வரவில்லை. அந்தப் பழியையும் தடையின்மேல் போடுவோர் உண்டு. அது அவசர முடிவு. கொக்குகள் கடந்துவரும் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளில் வேட்டை நெடுங்காலம் நடந்தது.

பின்னாளில் கிராமத்தினர் அனுமதி பெற்றுப் புல் அறுத்துப்போக வனத்துறை வழிவிட்டது. அரிவாள் தழையைக் குறைக்கும். ஆழத்தில் படர்ந்த புல்லுக்கும் சேற்றைக் கிளறும் வேலைக்கும் அது எட்டாது.